புளியும் செங்கல் தூளும்

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன். லேத் கடை பாயை நீ திட்டியது அவர் கடையிலேயே, நாலு பேர் நின்றுகொண்டிருந்தபோது. அதனால் நான் சொல்லப்போவதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிற மாதிரி திறந்தே கிடக்கட்டும். உன் அப்பா படிக்கட்டும். தை பிறந்ததும் இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் படிக்கட்டும். மாமியார் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிவதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சாமியையும் சகுனத்தையும் பற்றி எழுதியே கடைசிப் பக்கம்வரை தப்பித்துக்கொண்டு போய்விடுவேன். உன் சுத்தியல் மிஷினில் புஷ் எரிந்ததற்குக் காரணம் நான். பாய் கடைந்து கொடுத்ததில் குறை இல்லை. நீ பொருத்தியதில் குறை இல்லை. சனீஸ்வரனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நேரில் சொல்ல எத்தனையோ தடவை பார்த்தேன். நீ ஷிஃப்ட் முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்காரும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் வந்து நிற்பேன். வாயைத் திறந்தால், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா என்றுதான் வருகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழைப் பதிகம் படித்துப் படித்தும், கூட்டல் கழித்தலை வீட்டுக் கணக்கு எழுதி எழுதியும் தானாகக் கற்றுக்கொண்டேன். பேசும்போது நழுவுகிற நாக்கு எழுதும்போது நழுவுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் லாரியும் கட்டரும் கொண்டு வருகிறார், மிஷினைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார், அந்தக் கொட்டகையைக் கல்யாணச் சமையலுக்கு விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் நீ சொன்னது அடுப்படிவரை கேட்டது. அந்த லாரி போன பிறகு நான் சொன்னால் என் மனசு மட்டும்தான் லேசாகும். உனக்கு ஒன்றும் திரும்பி வராது. பாய்க்கும் வராது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

அது இந்த வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். திருச்சிப் பக்கம் லாரிப் பட்டைகளைக் காய்ச்சி வளைக்கிற பட்டறை ஒன்றை மூடிவிட்டார்கள் என்று யாரோ சொல்லி, நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் வார்ப்பிரும்பு. உச்சியில் ஒரு சக்கரம், அதற்குக் கீழே லாரிப் பட்டை மாதிரியே வில், வில்லின் நுனியில் தொங்குகிற இரும்புத் தலை. மோட்டார் சக்கரத்தைச் சுற்றினால் வில் அந்தத் தலையைத் தூக்கித் தூக்கி அடிக்கும், காலால் மிதிக்கிற அழுத்தத்துக்கு ஏற்ப மெதுவாகவும் அடிக்கும், வேகமாகவும் அடிக்கும் என்று சோற்றுத் தட்டின் மேலேயே கையை ஆட்டிக் காட்டினாய். கிரேன் வைத்து நம் பழைய மாட்டுக்கொட்டகையில் அதை இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. உன் அப்பா ஒதுங்கி நின்று, "நம்ம பரம்பரையில நெல்லு வெதச்சவன் உண்டு, கோப்பு எழுதுனவன் உண்டு. இரும்படிச்சவன் ஒருத்தன் கெடையாது. இவன் யாரு வீட்டுப் புள்ளன்னு ஆசுபத்திரியில கேட்டுட்டு வா" என்றார். நான் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தேன். மூத்த மருமகள் வந்துவிட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். வேலைக்குப் போய் வந்த மீதி நேரமெல்லாம் நீ அந்தக் கொட்டகையில்தான் கிடந்தாய். அடிக்கிற தலை ஏறி இறங்குகிற காடியிலேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. டீசலை ஊற்றி ஊற வைத்து, ஜாக்கி கொடுத்து, ஒரு நாள் காலையில் அது அரை விரற்கடை நகர்ந்தபோது கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். இந்தக் கடல் காற்றில் முதல் நாள் உரசி எடுத்த துரு மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். நீ சலித்துக்கொள்ளாமல் மறுபடி உரசுவாய். துடைக்க என் பழைய புடவைகளைக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தாய். மேலும் கீழும் மோதுகிற இரண்டு கட்டைகளை மட்டும் நான் மேல்பல், கீழ்பல் என்றேன். அப்புறம் நீயும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

பாய் உனக்குக் கிடைத்ததும் அந்த மிஷினால்தான். காரைக்காலில் எத்தனையோ லேத் இருந்தும் உச்சியில் ஷாஃப்ட் உட்காருகிற இடத்துக்கு கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் புதுசாக புஷ் கடைய வேண்டும் என்றதும் எல்லோரும் அவரைத்தான் கை காட்டினார்கள். முதல் நாள் தம்பி என்றார், மறுவாரம் மாப்ளே என்றார். நீ பாய் என்பதை விட்டுவிட்டு மாமா என்றாய். என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டு, "அப்ப என்ன தங்கச்சி, இவன் கல்யாணத்துல தாய்மாமன் மொற நாந்தான் செய்வேன். ஐயரு ஒத்துக்கலன்னா அவருட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டு ஆள் என்று சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்று வீட்டுக்கு வந்து பூஜை அறையில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

இப்போது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். விஜயதசமி காலையில் மிஷினை ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது. எல்லாம் தயார், பெல்ட் மட்டும் அளவு சரியில்லை என்று மாற்றி வாங்க நீ மயிலாடுதுறை போனாய். உரசுகிற மேடு தெரிய புஷ்களில் நீல மை தடவித் தடவிச் சுரண்டி, ஷாஃப்ட்டோடு ஒட்டி உட்காரும்படி செய்து முடித்திருந்தாய். இரண்டு இரண்டு பாதியாக அவை ஒரு மரப்பெட்டியில் இருந்தன. போகும்போது, அம்மா, அந்தப் பெட்டியத் தொடாத என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நீ சொல்லவில்லை என்று நான் தப்பிக்க முடியாது.

அன்றைக்கு நான் பூஜைச் சாமான் துலக்குகிற நாள். கிணற்றடியில் குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் பரப்பிப் புளி போட்டுத் தேய்த்து, அதன் மேல் செங்கல் தூள் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். கடையில் விற்கிற பவுடர் எனக்குப் பிடிக்காது, செங்கலை இடித்துச் சலித்து டப்பாவில் நானே வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். கொட்டகையைக் கூட்டப் போனவள் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். நீல மையும் எண்ணெயும் அப்பி, அழுக்குப் பிடித்த பித்தளைச் செம்பு மாதிரி அவை கிடந்தன. நாளைக்கு இதற்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், சாமி முன்னால் இப்படியா வைப்பது என்று பட்டது. நீ தொடாதே என்றதை, அழுக்குக் கையோடு தொடாதே என்று எனக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். விளக்கோடு விளக்காக அவற்றையும் எடுத்து வந்து துலக்கினேன், தம்பி. உள்பக்கம் எண்ணெய் ஓட பாய் கீறியிருந்த கோடுகளில் எல்லாம் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். மேல்பாதியில் எண்ணெய் இறங்குகிற சின்னத் துளைக்குள் கறுப்பாக இருந்தது. விளக்கின் திரிமூக்கைச் சுத்தம் செய்கிற மாதிரி, விளக்குமாற்றுக் குச்சியில் புளியைத் தோய்த்து அதற்குள் குத்திக் குத்தித் தேய்த்தேன். மேலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பெட்டியில் அதே வரிசையில் அடுக்கினேன். துளைக்குள் இருந்தது வெளியே வந்ததா என்று பார்க்கவில்லை. வெளியே எல்லாம் தங்கம் மாதிரி இருந்தது.

நீ சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்துவிட்டு, "என்னம்மா, இப்புடி பளபளன்னு இருக்கு. நீ தொடச்சியா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. பண்டிகை அவசரத்தில், பாதிச் சிரிப்போடு கேட்டாய். நான், துணியால தொடச்சேன் தம்பி என்றேன். அது பொய். நீ எடுத்துப் பூட்டினாய். இரவுக்குள் பெல்ட்டும் ஏறிவிட்டது. மறுநாள் அதற்கு மாலை போட்டு, மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. நீ உழைத்த உழைப்புக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று பாய் புதுச் சட்டை போட்டு, அல்வாப் பெட்டியோடு வந்தார். நங்கூரம் அடித்துத் தரச் சொல்லியிருந்த திருவேட்டக்குடி ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் மிதி மாமாதான் மிதிக்கணும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார். நீ உலையிலிருந்து எடுத்து நீட்டிய பட்டை, மிஷின் அடித்த அடியில் சப்பாத்தி மாவு மாதிரி அகன்றது. உன் அப்பாகூட அரை அடி முன்னால் வந்து நின்று பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் உன் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த மூன்று மாதம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கீச்சுச் சத்தம். பெல்ட் பக்கத்திலிருந்து புகை. சக்கரம் முனகிக்கொண்டே நின்றது. நீ ஓடிப்போய் மோட்டாரை அணைத்தாய். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாய், விளிம்புவரை நிறைந்திருந்தது. எண்ணெய் இருக்கே மாமா, அப்புறம் எப்படி என்றாய். நிறைந்திருந்ததுதான் தப்பு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. துளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை. மூடியைக் கழற்றினாய். புஷ் உரிந்து, ஷாஃப்ட்டே வரி வரியாகக் கீறியிருந்தது. கீறலுக்குள்ளிருந்து ஏதோ சிவப்பும் கறுப்புமான விழுதை விரலில் எடுத்து முகர்ந்தாய். என்ன வாசனை இது என்று கேட்டாய். பாயும் முகர்ந்து பார்த்துவிட்டு எண்ணெய் கருகியிருக்கும் என்றார். நான் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நின்றேன். எனக்கு முகர வேண்டியிருக்கவில்லை. அந்த நிறம் என் உள்ளங்கை ரேகையிலும் கிணற்றடிக் கல்லிலும் வருஷம் முழுக்க இருக்கிற நிறம்.

அப்போது சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், பெரியவள் ஏதாவது சொல்லுவாள் என்று. நான் சொன்னேன்: "திருஷ்டி. இத்தனை பேரு கண்ணு ஒரே எடத்துல பட்டா இரும்பா இருந்தாலும் தாங்குமா?" பூசணிக்காய் உடைத்தேன். அது போதாதென்று, உனக்கு ஏழரை ஓடுகிறது, அதன் வேலைதான் இது என்று சொல்லி உன்னைத் திருநள்ளாறு அழைத்துப் போனேன். நள தீர்த்தத்தில் நீ முழுகி எழுந்து, ஈரத்தலையோடு எள் விளக்கு ஏற்றிக் கும்பிட்டாய். உனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் சொன்னேன் என்பதற்காகச் செய்தாய். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். வேறு யார் எதற்காகக் கும்பிட்டாலும், உண்மை தெரிந்த ஒருத்தி, தான் செய்ததை அந்தச் சாமி தலையிலேயே போட்டுவிட்டு, அவர் சந்நிதியிலேயே நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அந்தச் சனிக்கிழமையிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. முட்டி வலி என்று உன்னிடம் சொன்னேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது அரசலாற்றுப் பாலத்தில் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். கையை விட்டு ஓட்டியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அதைக் காதில் வாங்காமல், முந்தின நாள் உன் புதுச் சைக்கிளைப் பார்த்து நல்லாருக்கே என்ற அடுத்த வீட்டு அத்தையின் கண்தான் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். அதன் பிறகு ரொம்ப நாள் நீ அந்த அம்மாவைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போவாய். அவர் கூப்பிட்டுக் கொடுத்த கொய்யாப்பழத்தை வாங்காமல் ஓடி வந்தாய். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. ஒரு காரியம் கெட்டால் வெளியே யாரால் கெட்டது என்று தேடுகிற பார்வையை உனக்குக் கொடுத்தவள் நான். அந்தப் பார்வையோடுதான் நீ பாய் கடைக்குப் போனாய்.

அங்கே நீ என்ன பேசினாய் என்று திருவேட்டக்குடி ஆள்தான் வந்து சொன்னார். எரிந்துபோன புஷ்ஷை அவர் லேத் மேல் போட்டு, கன்மெட்டல்னு சொல்லி எதையோ உருக்கி ஊத்திட்டீங்க, எத்தனை பேருக்கு இப்படி ஊத்தினீங்க என்று கேட்டிருக்கிறாய். நீ போல்ட்ட முறுக்கித் தொலச்சிட்டு எம்பேர்ல சொல்றியா என்று அவரும் கத்தியிருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, இனிமே அந்த ஆள் பேச்சே இந்த வீட்டுல வேண்டாம் என்றாய். மாமா போய் அந்த ஆள் என்று வந்தது. அப்போதும் நான் தட்டை எடுத்து வைத்து, சாப்பிடு என்றேன்.

நான் இப்போது வாயைத் திறந்திருப்பது நல்ல புத்தி வந்ததால் என்று நினைக்காதே. போன வாரம் நீ அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். கொட்டகைப் பக்கம் நின்று பேசியது, கோலமாவு எடுக்க வந்த என் காதில் விழுந்தது. அவள் மிஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "அத வித்துட்டேங்க. எனக்கு அதெல்லாம் கை வரலங்க. வீடியோவப் பாத்துட்டு சும்மா ஆடிட்டேன். நான் சுரண்டுனதுலதான் ஏதோ தப்பு, வேற என்ன" என்றாய். ஊரெல்லாம் பாயைச் சொல்லிக்கொண்டு, உள்ளே உன்னையே குற்றவாளியாக வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாய் மூடியிருப்பதால் பாய் ஒருவருக்குத்தான் கெட்ட பெயர், அவர் பெரிய மனுஷர், தாங்கிக்கொள்வார் என்று நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கே தப்பு. என் பிள்ளை தன் கையைத் தானே நம்பாமல் ஒரு பெண்ணைக் கைப்பிடிக்கப் போகிறான். அதற்கு நான் காரணம்.

நேற்று மார்கழிப் பூஜை முடிந்து, நேராகக் கோயிலிலிருந்தே பாய் கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகையும் கையில் இருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வா தங்கச்சி என்று வாய்வரை வந்து, நின்றுவிட்டது. வாங்க என்றார். அந்த ங்க என்னை நிற்க விடவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சத்தத்துக்கு நடுவிலேயே சொன்னேன். புளியைச் சொன்னேன், செங்கல் தூளைச் சொன்னேன், குச்சியால் குத்தியதைச் சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லையோ என்று பார்த்தேன். அவர் கை போய் மோட்டாரை நிறுத்தியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார்.

"இது புதுசு தங்கச்சி. உம்மவன் பேசிட்டுப் போனதுக்கு அப்புறம் மாத்துனேன். கண்ணு போயிடுச்சு, அளவு தப்பிப் போச்சுன்னு நெனச்சேன். மூணு மாசமா புஷ் வேலைன்னு யாராச்சும் வந்தா வேற கடைக்கு அனுப்பிட்டு இருக்கேன்."

நான் அழுதேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "புளி போட்டு வெளக்கியிருக்க" என்றார். "ஏம்மா, குத்துவிளக்கா அது?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு முகம் இறுகியது. அவன்ட்ட சொல்லிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட ஏன் மொதல்ல வந்த? நான் திட்டுனா தாங்கிக்கலாம்னா?" என்றார். அவர் சொன்னது உண்மை. அயலார் மன்னித்துவிட்டால் பெற்ற பிள்ளையிடம் பாதிச் சுமையோடு வரலாம் என்றுதான் போயிருந்தேன். பத்திரிகையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீ வச்சா நான் எடுக்க மாட்டேன். பேசுனவன் வரட்டும்" என்றார். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து, "வர்றப்ப கையை வீசிக்கிட்டு வர வேணாம்னு சொல்லு. அந்த ஷாஃப்ட்டக் கழட்டி எடுத்துட்டு வரணும். கீறல் எவ்வளவு ஆழம்னு பாக்கணும்" என்று குரல் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு இப்போது அந்த யோக்கியதை குறைவுதான், இருந்தாலும் இரண்டு வார்த்தை. உன் பொருளை உன் மனைவி தொட்டுவிட்டால், அது கெட்டுப்போனால், யார் செய்தது என்று கேட்காதே. என்ன நடந்தது என்று கேள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடு. அன்று மாலை நீ கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னதில் உன் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. அது என் கோழைத்தனத்துக்கு நான் தேடிக்கொள்கிற சாக்காகவும் இருக்கலாம். அவள் சாமி கும்பிடுகிறவளாக இருந்தால் கேலி செய்யாதே. ஆனால் வீட்டில் ஒன்று உடையும்போது அவளோ நீயோ சாமியைக் கூப்பிட்டால், முதலில் உடைந்ததை எடுத்துப் பாருங்கள். கும்பிடுவதற்கு அதன் பிறகும் நேரம் இருக்கும். என் பக்தி குறையவில்லை தம்பி. சாமியை எதற்குக் கூப்பிடக் கூடாது என்று மட்டும் ஐம்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

லாரியை நான் நிறுத்தவில்லை. பழைய இரும்புக்காரர் நம்பர் அப்பாவின் போனில் இருக்கிறது. எடுத்துப் பேசிவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. நீ சொன்னதை மீறி உன் பொருளில் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை வைக்க மாட்டேன். வெட்டுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். ஆனால் எரிந்தது உன் கையால் இல்லை, அவர் கையால் இல்லை என்று தெரிந்துகொண்டு முடிவு செய். என் மேல் கோபம் வந்தால் அதை வைத்துக்கொள். கல்யாணத்துக்காக அவசரமாக அதைக் கழுவிவிட வேண்டாம். சமையல் பந்தலை மாமரத்தடியில் போட்டுக்கொள்ளலாம், அங்கே இடம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர், ரெண்டாவது மருமக வர்றதுக்கு மொத மருமகள ஏன் வெட்டணும்னு நானும் கேக்க நெனச்சேன் என்றார்.

மிஷினைக் கழற்ற நாளைக்குக் காலையில் நீ கொட்டகைக்குப் போவாய் என்று தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைக் கீழ்பல்லின் மேல் வைக்கிறேன். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் என் செங்கல் தூள் டப்பாவை வைத்திருக்கிறேன். திறந்து, மிஷின் அடியில் கிடக்கிற எண்ணெயில் கொஞ்சம் குழைத்து, விரலில் எடுத்து முகர்ந்து பார். அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போவார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திறப்பார். ஷாஃப்ட் கனமாக இருக்கும், தனியாகத் தூக்காதே. கூப்பிட்டால் ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

உன் அம்மா